மூணாம் ஓலை

சன்னல் பக்கம் நீங்களே இருங்கம்மா. எனக்குக் காத்து ஒத்துக்காது, காதுக்குள்ள கொய்யின்னு கேக்கும். இந்தப் பைய மட்டும் மடியில வச்சிக்கிடுதேன். உள்ள வேதப்புஸ்தகம் இருக்கு, கீழ வைக்கக் கூடாது.

ஆமா, கோயிலுக்குத்தான். திசையன்விளைக்கு. உங்க ஊர்ல கோயில் இல்லையா டீச்சர்னு கண்டக்டர் பய கூட ஒருநாள் கேட்டான். இல்லாம என்ன, எங்க வீட்டு வாசல்ல நின்னா கோயில் கோபுரம் தெரியும். எங்க தாத்தா கல்லு சுமந்து கட்டின கோயிலு. அத விட்டுட்டு, மாசத்துல முதல் ஞாயித்துக்கிழமை மட்டும் வெள்ளைச் சேலையக் கட்டிக்கிட்டு, முக்கா மணி நேரம் பஸ்ல குலுங்கி, முன்னபின்ன தெரியாத சபைக்கு நற்கருணை எடுக்கப் போறேன். எங்கள்ள முதல் ஞாயிறுதான் அப்பமும் திராட்சரசமும் குடுப்பாங்க.

என்னைய யாரும் விலக்கி வைக்கல. அத முதல்லயே சொல்லிருதேன், நீங்க வேற மாதிரி நினைச்சிரக் கூடாது. எங்க ஐயரு, பாதிரியார நாங்க ஐயருன்னுதான் சொல்லுவோம், அவரே வீடு தேடி வந்து "வாங்க டீச்சர், உங்க எடம் காலியாவே கெடக்கு"ன்னு கூப்பிட்டுட்டுப் போனாரு. நானாத்தான் போகல. அங்க போயி முழங்கால் போட என்னால ஆகாது.

மேபல் டீச்சர்னா எங்க ஊர்ல தெரியாத ஆளு கிடையாதும்மா. இருபத்தெட்டு வருஷம் அஞ்சாம் வகுப்பு. அதுபோக ஞாயிறு பள்ளி. எத்தனை பிள்ளைங்களுக்கு வசனம் மனப்பாடம் பண்ணிக் குடுத்திருப்பேன்! இப்ப துபாய்ல இருக்கவன் கூட லீவுக்கு வந்தா என்னையப் பாத்து வேட்டிய இறக்கி விடுவான். அப்படிப்பட்டவளத்தான் சபை நடுவுல வச்சு, என் கூடப்பொறந்தவன், நான் வளத்தவன்... சரி, வரிசையாச் சொல்லுதேன்.

டென்சிங்னு எனக்கு ஒரு தம்பி. அம்மா போகும்போது அவனுக்கு ஆறு வயசு, எனக்கு இருபத்திமூணு. அடுத்த வருஷமே அப்பாவும் போயிட்டாங்க. எனக்கு ரெண்டு எடம் வந்துச்சும்மா. ஒண்ணு ரயில்வேயில வேலை பாத்தவரு. இவன எங்க விட? வேண்டாம்னுட்டேன். வயித்துல சுமக்கலியே தவிர மத்த எல்லாம் செஞ்சேன். மைக்செட் கடை வச்சிருக்கான் இப்ப. ஊர் பூரா மைக் கட்டுவான், வீட்டுல வாயத் தொறந்து ரெண்டு வார்த்தை பேச மாட்டான். ஆனா நான் கிழிச்ச கோட்டத் தாண்ட மாட்டான். அப்படித்தான் இருந்தான்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால அவனுக்கு ஒரு பொண்ணு நிச்சயம் பண்ணினோம். எப்சிபான்னு பேரு. எங்க சபைதான், எங்க தெருவுக்கு அடுத்த தெரு. எங்கிட்ட அஞ்சாம் வகுப்பு படிச்சவ. ஞாயிறு பள்ளியில வசனப் போட்டியில ஃபர்ஸ்ட் வந்து என் கையால டிபன் பாக்ஸ் வாங்கினவ. பாலர் பள்ளியில ஆயா மாதிரி, டீச்சர் மாதிரி, ரெண்டுங்கெட்டான் வேலை ஒண்ணு பாத்துக்கிட்டிருந்தா. அவன்தான் ஆசைப்பட்டான். நான் சரின்னேன். நானேதான் போயி பூ வச்சேன்.

எங்கள்ள கல்யாணம்னா மூணு ஞாயித்துக்கிழமை கோயில்ல ஓலை வாசிக்கணும். இன்னாரு மகனுக்கும் இன்னாரு மகளுக்கும் கல்யாணம் நடக்கப்போவுது, தடை ஏதும் யாருக்காவது தெரிஞ்சா எந்திரிச்சுச் சொல்லணும்னு ஐயர் கேப்பாரு. கேட்டுட்டு ஒரு மூச்சு விடுத நேரம் சும்மா நிப்பாரு. ஒருத்தரும் எந்திரிக்க மாட்டாங்க. அந்த நேரத்துல எல்லாரும் அடுத்த பாட்டைத் தேடிக்கிட்டிருப்பாங்க. நூத்திச் சொச்சம் வருஷத்துல எங்க கோயில்ல ஓலைக்கு எந்திரிச்ச ஆளு கிடையாது.

முதல் ஓலை வாசிச்சாச்சு. அன்னைக்குச் சாயங்காலம் டென்சிங் ஒரு கொத்தனாரக் கூட்டிட்டு வந்து வீட்ட அளந்தான். பெரிய ரூமுக்கு வெள்ளை அடிக்கணுமாம், அவங்களுக்கு. அக்கா அந்தச் சின்ன ரூம்ல இருந்துக்கிடட்டும்னு கொத்தனார்கிட்ட சொன்னான். எங்கிட்ட சொல்லல, கொத்தனார்கிட்ட. நான் அடுப்படியில நின்னு கேட்டேன். அதுக்காகத்தான் பெறகு அந்தக் கடுதாசிய எழுதினேன்னு நீங்க நினைக்கக் கூடாது. ரூம் என்னம்மா ரூம், எனக்கு ஒரு பாய் போதும்.

நான் எழுதினது வேற காரணம். அந்தப் பொண்ணு தினம் சாயங்காலம் பள்ளிக்கூட வேன் பக்கத்துல நின்னு டிரைவர்கிட்ட பேசுவா. பிள்ளைங்கள வேன்ல ஏத்தி விடுததுதான் அவ வேலை, நான் இல்லேங்கல. ஆனா ஏத்தியாச்சுன்னா கதவச் சாத்திட்டுப் போக வேண்டியதுதான? நின்னு சிரிக்க என்ன இருக்கு? என் கண்ணால பாத்தேன். ஒரு தடவையோ ரெண்டு தடவையோ. கடுதாசியில பல தடவைன்னு எழுதினேன். ஒரு தடவ பாத்தா என்ன, பல தடவ பாத்தா என்ன, பாத்தது பாத்ததுதான?

வயசுப்பொண்ணப் பத்தி சபை நடுவுல எந்திரிச்சு எப்படிச் சொல்லுதது? நாகரிகம் வேண்டாமா? அதனாலதான் ரெண்டாம் ஓலை முடிஞ்ச திங்கக்கிழமை அப்ப இருந்த பழைய ஐயருக்கு எழுதிப் போட்டேன். பேரு போடல. மொட்டைக் கடுதாசின்னு சொல்லுவாங்களே, அப்படி இல்ல இது. மொட்டைக் கடுதாசி எழுதுதவன் பொய் எழுதுவான். நான் அந்தப் பொண்ணு பேரு கெடாம இருக்கணும்னு என் பேர விட்டுட்டு எழுதினேன்.

பழைய ஐயரு பயந்த சுபாவம். மூணாம் ஓலைய வாசிக்காம நிறுத்திட்டு, கடுதாசிய அந்தப் பொண்ணோட அப்பாகிட்ட குடுத்திருக்காரு. அவரு பெருத்த மானஸ்தன். தாளை மக மூஞ்சியில விட்டெறிஞ்சு, இனி எவன் உன்னையக் கட்டுவான், அந்த டிரைவரே கட்டட்டும்னு தெருவே கேக்கக் கத்தினாரு. மூணாம் நாளு விடியக்காலம் அவ அந்த டிரைவர்கூடப் போயிட்டா. பாத்தீங்களா? அவனையே கட்டிக்கிட்டா! அப்ப நான் எழுதினது நெசந்தான? சொல்லுங்க, நெசந்தானம்மா?

அப்பாக்காரரு நாலு மாசத்துல போயிட்டாரு. நெஞ்சடைப்பு. அடக்கத்துக்குக்கூட அவ வரல. என் தம்பி ஒரு வருஷம் சரியாச் சாப்பிடல. நான்தான் ஊட்டாத குறையாப் பாத்தேன். அப்புறம் பழையபடி ஆயிட்டான். வேற பொண்ணு பாக்கவான்னு வருஷத்துக்கு ஒருக்கா கேப்பேன். வேண்டாங்க்கான்னுருவான். நானும் வற்புறுத்தல. பெரிய ரூம்ல நானும் என் பீரோவும், வெளி ரூம்ல அவனும் அவன் ஒயருங்களும். நல்லாத்தான் இருந்தோம்.

மூணு வருஷத்துக்கு முன்னால அவ திரும்பி வந்தா. அந்த டிரைவரு குடிச்சுக் குடிச்சே மஞ்சக்காமாலையில போயிட்டானாம். கையில ஒரு பொம்பளப் பிள்ளை. வந்தவ நேரா கோயிலுக்கு வந்தா. புதுசா வந்த சின்ன ஐயருகிட்ட என்ன சொல்லி அழுதாளோ, ரெண்டாம் மாசமே நற்கருணைக்கு வந்து முழங்கால் போட்டா. நான் முதல் பெஞ்சில இருந்து பாக்கேன். எல்லாரும் ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம்னு மூக்கச் சிந்துதாங்க. அப்பன் சாவுக்கு வராதவளுக்கு இத்தனை ஸ்தோத்திரமான்னு எனக்கு வயிறு எரிஞ்சிச்சு. இத்தனை வருஷம் ஒரு ஞாயித்துக்கிழமை தவறாம வந்தவளுக்கு ஒருத்தரும் ஒரு ஸ்தோத்திரம் சொன்னதில்ல.

அதோட விட்டுச்சா? ஒருநாள் என் தம்பி சோத்துல கைய வச்சுக்கிட்டே, "அக்கா, நான் எப்சிபாவக் கட்டிக்கிடலாம்னு இருக்கேன்"ங்கான். கேக்கல அவன். சொல்லுதான். நான் அழுதேன், பட்டினி கெடந்தேன், அம்மா படத்துக்கு முன்னால நின்னு தலையில அடிச்சேன். அவன் அழுகிற பிள்ளையப் பாக்குத மாதிரி என்னையப் பாத்துக்கிட்டு இருந்தான். அடுத்த வாரம் முதல் ஓலை. அதுக்கடுத்த வாரம் ரெண்டாம் ஓலை.

இந்தத் தடவ நான் கடுதாசி எழுதல. நேர்மையா நடந்துக்கிடணும்னு முடிவு பண்ணினேன். மூணாம் ஓலை அன்னைக்கு ஐயரு வழக்கம்போல, தடை ஏதும் இருந்தாச் சொல்லணும்னு கேட்டுட்டு நின்னாரு. பாட்டுப்புஸ்தகம் பொரட்டுத சத்தம் கேக்குது. நான் எந்திரிச்சேன்.

"ஐயா, இருக்கு"ன்னேன்.

பொரட்டுத சத்தம் நின்னுட்டு. சொன்னேன், எல்லாத்தையும் சொன்னேன். நிச்சயம் பண்ணின மாப்பிள்ளைய விட்டுட்டு ஓடினவ. பெத்த அப்பனச் சாகக் குடுத்தவ. அடக்கத்துக்கு எட்டிப் பாக்காதவ. இவ மறுபடியும் இதே கோயில்ல, இதே என் தம்பிக்கு மாலை போட்டா, ஒழுங்கா இருக்கவங்களுக்கு இந்தச் சபையில என்ன மரியாதைன்னு கேட்டேன். அஞ்சாம் வகுப்புல பேசுத மாதிரியே பேசினேன்.

ஐயரு சின்ன வயசு, முகம் வெளுத்துப் போச்சு. "டீச்சர், தடைன்னா புருஷனோ பெண்டாட்டியோ உயிரோட இருக்கணும், இல்லேன்னா கட்டக்கூடாத உறவா இருக்கணும். நீங்க சொல்லுதது தடை இல்லையே"ன்னாரு.

"தடை இல்லேன்னா குத்தம். குத்தத்த நான் எங்க போயிச் சொல்ல?"ன்னேன்.

அப்ப அவ எந்திரிச்சா. பொம்பளைங்க பக்கம், தூணு ஓரமா. நான் சண்டைக்குத் தயாரா நிக்கேன். அவ மறுத்தா அடுத்தது என்ன சொல்லணும்னு மனசுக்குள்ள வரிசையா வச்சிருக்கேன். அவ என்ன சொன்னா தெரியுமா?

"டீச்சர் சொன்னதுல ஒண்ணும் பொய்யில்ல ஐயா. எங்க அப்பா அடக்கத்துக்கு நான் வரல. டீச்சர் இன்னைக்கு ஒருநாள்தான் கேட்டாங்க, நான் என்னையே தினம் கேட்டிருக்கேன். பதில் இல்லாமத்தான் ஆண்டவர்கிட்ட வந்தேன். அவரு எனக்காகப் பதில் சொல்லிட்டாரு. என்னைய நீதிமான்னு அவரே தீர்ப்புச் சொன்னதுக்கு அப்புறம், அந்தக் கேஸ நானே மறுபடியும் நடத்த மாட்டேன் ஐயா. வேற யாரு நடத்தினாலும் நான் பயப்பட மாட்டேன்."

நான் சொல்லிக் குடுத்த வசனம்மா அது! கடவுள் தெரிஞ்செடுத்தவங்கமேல குத்தம் சொல்ல யாருக்கு வாயிருக்குன்னு வருமே, அது. டிபன் பாக்ஸ் வாங்கினது அதுக்குத்தான். நான் சொல்லிக் குடுத்தத எடுத்து எனக்கே பதிலாச் சொல்லுதா. எல்லாத்தையும் ஒத்துக்கிட்டவகிட்ட என்னத்தச் சண்டை போட? மறுக்கணும்மா, மறுத்தாத்தான நான் பேச முடியும்? வசனமும் என்னையக் கைவிட்டுட்டு.

நான் அப்படியே நிக்கேன். சபையே என்னையப் பாக்குது. ஆம்பளைங்க பக்கம் இருந்து என் தம்பி எந்திரிச்சான். எனக்காக எந்திரிக்கான்னுதான் நினைச்சேன். சத்தியமா அப்படித்தான் நினைச்சேன்.

"அக்கா, உக்காரு"ன்னான்.

அவ்வளவுதான். ரெண்டு வார்த்தை. முப்பத்தஞ்சு வருஷம் வளத்ததுக்கு ரெண்டு வார்த்தை. கோவமாச் சொல்லியிருந்தாக்கூடப் பரவால்ல. அவன் என்னையப் பாத்து இரக்கப்பட்டுச் சொன்னான். நான் உக்காந்துட்டேன். ஐயரு அடுத்த பாட்டு நம்பரச் சொன்னாரு.

அன்னைக்குச் சாயங்காலம் அவ எங்க வீட்டுக்கு வந்தா. டென்சிங் கடைக்குப் போயிருந்தான். அடுப்படி வரைக்கும் வந்து, "டீச்சர், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். கல்யாணத்துக்கு முன்னாலயே சொல்லிட்டா நல்லது. அந்தக் கடுதாசி எங்கிட்டதான் இருக்கு. நீங்க எழுதினதுன்னு அன்னைக்கே தெரியும்"னா.

இடது கையால எழுதின கடுதாசி அது. எழுத்துக் கோணக்கோணன்னு இருக்கும், என் எழுத்துன்னு யாரும் சொல்ல முடியாது. எப்படித் தெரியும்னு கேட்டேன், மறுக்கணும்னுகூட எனக்குத் தோணல.

"மேல, 'ஆண்டவர் பார்க்கிறார்'னு எழுதி ரெண்டு கோடு போட்டிருந்தீங்களே டீச்சர்"னா.

எங்க ஆளுங்க கடுதாசின்னு தாளை எடுத்தாலே தலைப்புல ஒரு வாக்கு எழுதாம தொடங்க மாட்டோம். எனக்கு அந்த வாக்குதான். இருபத்தெட்டு வருஷம் தினம் காலையில கரும்பலகையில அததான் எழுதி ரெண்டு கோடு போடுவேன். பேர விட்டுட்டேன், கைய மாத்திட்டேன், பழக்கத்துல அத மட்டும் எழுதித் தொலைச்சிருக்கேன். பழைய ஐயரு வெளியூர்க்காரரு, அவருக்குத் தெரியல. அவ அப்பாவுக்குக் கோவத்துல கண்ணு தெரியல. அவளுக்கு மட்டும் தெரிஞ்சிருக்கு. அப்பவே ஒம்போது வருஷமா.

"இதக் கோயில்ல ஏன் சொல்லல?"ன்னேன்.

"என்மேல இருந்ததையே ஆண்டவரு எங்கிட்ட கேக்கல டீச்சர். உங்கமேல இருக்கத நான் கேக்கவா? உங்க தம்பிக்குத் தெரியாது. நான் சொல்லவும் மாட்டேன். நீங்க பயந்துக்கிட்டே இருக்கக் கூடாதுன்னுதான் வந்தேன்"னா. சொல்லிட்டு, அடுப்புல பால் பொங்கி வந்துச்சு, அத இறக்கி வச்சிட்டுப் போனா.

என்ன திமிருன்னு பாருங்க! எனக்குப் பயமாம். நான் என்ன திருடினேனா? நல்லதுக்கு எழுதினேன்.

கல்யாணம் நடந்துச்சு. போனேன், போகலேன்னா ஊரு பேசும்லா. பெரிய ரூம எனக்கே விட்டுட்டா. சின்ன ரூம்ல அவங்க மூணு பேரும் நெருக்கியடிச்சுப் படுக்காங்க. அதுவும் ஒரு தந்திரந்தான். டீச்சர்ங்கதும் போயி, இப்ப மைனி. புருஷனோட அக்காவ எங்க பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். "மைனி, மீன்ல புளி போதுமான்னு பாருங்க. மைனி, வெயில்ல போகாதீங்க." அந்தச் சின்னது அத்தை அத்தைன்னு பின்னாலயே வரும். ஒருநாளாவது குத்திக் காமிப்பா, ஒரு சண்டையிலயாவது வாய்தவறி வரும்னு பாத்துக்கிட்டே இருக்கேன். ரெண்டு வருஷம் ஆயிட்டு. அவ ஒரு வார்த்தை சொன்னாப் போதும், என் தம்பி என் மூஞ்சியில முழிக்க மாட்டான். அவன் இன்னும் என்னைய அக்கான்னு கூப்பிடுததே அவ போட்ட பிச்சை. அத நான் தினம் மூணு வேளையும் சோத்தோட சேத்து முழுங்குதேன்.

எங்க கோயில்ல நற்கருணைக்குக் குடும்பம் குடும்பமாத்தான் போயி வரிசையா முழங்கால் போடணும். அவ பக்கத்துல நான் போடணும், தோளோட தோள் இடிக்க. அதனாலதான் திசையன்விளை.

அங்கயாவது எடுத்துக்கிடுதேனான்னு கேக்கீங்களா?

உங்ககிட்ட என்ன, நீங்க என்னைய மறுபடியும் பாக்கவா போறீங்க? கடைசி பெஞ்சில உக்காருவேன். அந்த ஐயரு, அயலாரோட சமாதானமா இருக்கவங்க கிட்ட வாங்கன்னு கூப்பிடுவாரு. எந்திரிப்பேன். எந்திரிச்சு வெளிய வந்துருவேன். பஸ் ஸ்டாண்டுல ஒரு டீயக் குடிச்சிட்டு மத்தியான பஸ் வரைக்கும் உக்காந்திருப்பேன். அங்க என்னைய ஒருத்தருக்கும் தெரியாது, ஒரு பய குத்தம் சொல்ல மாட்டான். பிறகு எதுக்கு எந்திரிச்சு வெளிய வாரேன்னு எனக்கே பிடிபடலம்மா. வீட்டுக்குப் போனதும் டென்சிங், "எடுத்தியாக்கா?"ன்னு கேப்பான். எடுத்தேன்னு சொல்லுவேன். அவ தட்டை வச்சிக்கிட்டு நின்னு என் முகத்தப் பாப்பா. அவளுக்கு இதுவும் தெரியும்னு நினைக்கேன். இதையும் சொல்ல மாட்டா.

உங்க ஸ்டாப்பு வந்துட்டோ? இருங்க, அந்த வளைவு தாண்டித்தான் நிறுத்துவான். பதறாதீங்க.

எங்கிட்ட பதில் இருக்கும்மா. ஏன் எழுதினேங்கிறதுக்கு. அம்மா செத்ததுல இருந்து தொடங்கி, அந்த ரயில்வேக்காரரு, அந்தக் கொத்தனாரு, எல்லாம் வரிசையா வச்சிருக்கேன். கேட்டா அவளே அழுதுருவா. ரெண்டு வருஷமாத் தயாரா இருக்கேன். ஐயரு கேக்கல, அவளும் கேக்கல, கடவுளும் கேக்க மாட்டேங்காரு. குத்தம் சொல்ல ஒருத்தராவது வந்தாத்தான நான் பதில் சொல்ல முடியும்?

எறங்குதீங்களா? ஒரு நிமிஷம்மா. போற போக்குல ஒருக்கா கேட்டுட்டுப் போங்க. ஏன் டீச்சர் அந்தப் பிள்ளைக்கு அப்படிச் செஞ்சீங்கன்னு, கோவமாவே கேளுங்க.